கால் கழுவி வாங்கிய மோதிரம்

அண்ணனை வீட்டிலிருந்து தூக்கிய அன்று எங்கள் லயத்து இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மா இருந்தார். அண்ணி இருந்தார். அண்ணனின் மகள் தாரணி தகப்பனின் காலடியை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கள் அக்கா செல்வராணி, அக்காவின் மகன் நிரோஷன், நான், என் மனைவி. என் மனைவியின் தம்பி விமல், விரலில் நூல் சுற்றிய மோதிரத்தோடு பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தார். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பாக்கியம் அக்கா, அண்ணனோடு கவ்வாத்து வெட்டிய ஆட்கள், மேல் லயம், கீழ் லயம் எல்லாரும் இருந்தார்கள். அன்று காலை யாரும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. ஆட்களுக்காகக் காத்திருந்த மேற்பார்வைக் கண்டாக்கு ஐயா, பெரட்டுக் களத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இல்லாதவர்கள்: அப்பா, வெகுகாலம் முன்பே போனவர். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, நோர்வூட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். அக்காவின் கணவராக இருந்த யோகராஜா வரவில்லை. அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இன்னொன்றும் அன்று இல்லை. அண்ணனின் வலது கை மோதிர விரல். அது அவருக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டது. லயத்துக்குப் பின்னால், கொய்யா மரத்தின் அடியில் அம்மா புதைத்த இடம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

முதலாம் ஆண்டு நினைவுக்காக இந்த மலரைப் போடுவது என்று தீர்மானித்தபோது, அந்த விரலை விட்டுவிட்டு மற்றதை எழுதும்படி உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். நல்ல நாளில் இரத்தம் எதற்கு என்றார்கள். நான் அக்காவிடம் கேட்டேன். அக்கா ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார்.

"அத எழுதாம வேற என்னாத்த எழுதப் போற? அண்ணன் நல்லவரு, வல்லவருன்னா? செத்தவங்க எல்லாரையும் அப்படித்தான் எழுதுறாங்க. எழுது. எம் பேரையும் போட்டே எழுது."

ஆகவே எழுதுகிறேன். யோகராஜா அவர்களை மரியாதையுடனேயே குறிப்பிடுகிறேன். அவர் நிரோஷனின் தகப்பன். நிரோஷனும் இதைப் படிப்பான்.

அண்ணன் நமது தோட்டத்தின் மேல் டிவிஷனில், நாங்கள் இன்றும் குடியிருக்கும் இதே லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். வீட்டுக்கு மூத்தவர். அடுத்தது அக்கா. நான் வெகுகாலம் கழித்துப் பிறந்த கடைசிப் பிள்ளை. விறகு வெட்டப் போன அப்பாவின் மேல் மரம் சரிந்தது. அவரைக் கம்பளியில் கட்டித் தூக்கி வந்தபோது அண்ணன் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றார். அந்தச் சட்டையை அவர் மறுபடியும் போடவில்லை. முதலில் அன்றாடம் காசு வாங்கும் கைக்காசு வேலைக்குப் போனார். மீசை அரும்பியதும் கவ்வாத்துக்குப் போய்விட்டார்.

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியின் தலையைச் சீவி, அது மறுபடி தளிர்க்க வைக்கிற வேலை. வளைந்த கத்தி. கட்டை போல் இறுகிய கிளை. அதைச் சாய்வாக ஒரே வெட்டில் எடுக்க வேண்டும். இரண்டாவது வெட்டு வைத்தால் கிளை சிதையும், தண்ணீர் இறங்கும், செடி அழுகும். அண்ணன் வெட்டிய செடியில் இரண்டாவது வெட்டுக் கிடையாது என்று அவருடைய கூட்டாளிகள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தக் கை உழைத்த சம்பளத்தில்தான் நான் லிந்துலையில் உயர்தரம் வரை படித்து, கல்வியியற் கல்லூரிக்குப் போய், இன்று ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் சாதுவானவர் என்று எழுத முடியாது. இளம் வயதில் அவருக்குக் கை முந்தும். ஒருமுறை திருவிழாக் கூட்டத்தில் பெண் பிள்ளைகளை இடித்துக்கொண்டு நின்ற ஒருவனின் முன்பல்லை உதிர்த்துவிட்டு வந்தார். "பல்லு தானா வந்துச்சும்மா, நான் கேக்கல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா விளக்குமாற்றை எடுத்தார். அண்ணன் வாங்கிக்கொண்டார். அப்படிப்பட்ட கைக்குத்தான் அந்த மோதிரம் வந்தது.

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. இந்த மலரைப் படிக்கும் வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை கோயில் வாசலுக்கு வந்ததும் பெண்ணின் அண்ணனோ தம்பியோ செம்பில் தண்ணீர் எடுத்து அவருடைய கால்களைக் கழுவ வேண்டும். கழுவியவரின் விரலில் மாப்பிள்ளை ஒரு மோதிரம் போட வேண்டும். இப்போது பலர் ரெஜிஸ்டர் எழுதும் அன்றே கேக் வெட்டி, பெண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். போட்டோவுக்கு அதுதான் நன்றாக இருக்கிறது. ஆனால் எங்களிடம் பெரிய மோதிரம் என்பது மச்சான் போட்ட மோதிரம்தான்.

அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை யோகராஜா நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். ஆள் பார்க்க எடுப்பாக இருந்தார். அண்ணன் குனிந்து அவருடைய கால்களைக் கழுவித் துண்டால் துடைத்தார். யோகராஜா அரைப் பவுன் மோதிரத்தை அண்ணனின் வலது கையில் போட்டார். விரல் கணுவில் அது சற்றே இறுகியது. "கவ்வாத்துக்காரன் வெரலு, கட்டையாத்தான் இருக்கும்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. யோகராஜா அழுத்தித் தள்ளினார். மோதிரம் உள்ளே போய் உட்கார்ந்தது.

பெரிய மாமா அப்போது எல்லார் முன்னிலையிலும் முறையைச் சொன்னார். முதலில் அண்ணனிடம்.

"மருமவனே, கேட்டுக்க. இந்த மோதிரம் கெடக்குற கை, போட்டவன் மேல ஓங்கப்படாது. ஓங்குனா தங்கச்சி தாலிக்கு ஆகாது. வேணாம்னா திருப்பிக் குடு, ஆனா முழுசாக் குடுக்கணும். வெட்டிக் குடுத்தா ஒறவ வெட்டுனவன் நீன்னு ஆயிரும். அப்பறம் ஒந் தங்கச்சிக்காக நாங்க யாரும் வாய் தொறக்க முடியாது."

பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"நீயும் கேட்டுக்க மாப்ள. போட்டது சும்மா இல்ல. இவன் தங்கச்சி இவன் வாசல்ல அழுதுகிட்டு வந்து நிக்கப்படாது."

அதற்குள் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் சொன்னதை எல்லாரும் கேட்டோம். இரண்டாவதாகச் சொன்னதைப் பக்கத்தில் நின்ற சிலரே கேட்டோம். பின்னால் வந்த வருஷங்களில், முதலாவது மட்டுமே ஊரின் ஞாபகத்தில் நின்றது.

தாலி கட்டிய பிறகு குடத்துக்குள் மோதிரம் எடுக்கும் விளையாட்டு நடந்தது. மஞ்சள் தண்ணீர்க் குடத்தில் ஒரு மோதிரத்தைப் போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் கையை விட்டுத் துழாவ வேண்டும். முதல் தடவை அக்கா எடுத்துவிட்டார். பாக்கியம் அக்கா சும்மா இருப்பாரா. "என்னா மாப்ள, இப்பவே தோத்துட்டா எப்புடி? இனிமே வீட்டுல சமையல் நீங்கதானா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். யோகராஜா சிரிக்கவில்லை. அடுத்த தடவை அவர் குடத்துக்குள் மோதிரத்தைத் தேடவில்லை. அக்காவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். உள்ளே கண்ணாடி வளையல்கள் நொறுங்கும் சத்தம் வெளியே கேட்டது. அக்காவின் முகம் வெளுத்தது. யோகராஜா சாவகாசமாக மோதிரத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். கை தட்டினார்கள். அக்கா வெளியே எடுத்த கையிலிருந்து இரத்தம் கோடாக இறங்கியது. குடத்துத் தண்ணீரின் மஞ்சள் மாறியிருந்தது.

"வெளையாட்டுதானே" என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கையில் புது மோதிரம் இருந்தது.

முதல் முறை அக்கா வந்து நின்றது ஒரு மழைநாளில். இடது காதில் துணியை அழுத்திப் பிடித்திருந்தார். துணி சிவந்திருந்தது. குழம்பில் உப்பு இல்லை என்று யோகராஜா அறைந்தாராம். அண்ணன் எழுந்தார். கூரையில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். அம்மா ஓடி வந்து அவருடைய வலது கையைப் பிடித்து, மோதிரத்தை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "கையப் பாருடா. கையப் பாரு" என்றார். அண்ணன் பார்த்தார். கத்தி திரும்பவும் கூரைக்குப் போனது.

அடுத்த நாள் அண்ணனே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் யோகராஜாவின் வீட்டில் விட்டார். "தப்பு ஏதும் இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க மச்சான், நான் கண்டிக்கிறேன்" என்று கைகட்டி நின்று சொன்னார். யோகராஜா உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். "குடிங்க மச்சான். அவளுக்கு வாய் நீளம், எனக்குக் கை நீளம், சரியாப் போச்சு" என்று சிரித்தார். அண்ணன் குடித்தார். தன் வாழ்க்கையில் செய்த பெரிய கேவலம் அந்தத் தேத்தண்ணியைக் குடித்ததுதான் என்று பிற்காலத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு இடது காது இன்றுவரை கேட்காது. அவரோடு பேசும்போது நாங்கள் எல்லாரும் வலது பக்கமாகத்தான் உட்காருவோம்.

நிரோஷன் பிறந்தது எங்கள் வீட்டில். பச்சை உடம்போடு அக்கா இருந்தபோது மாரியம்மன் திருவிழா வந்தது. அன்று பகலில், லயம் முழுக்க ஆட்கள் இருக்கையில், யோகராஜா இரண்டு கூட்டாளிகளோடு வந்தார். நன்றாகக் குடித்திருந்தார்.

"பொண்டாட்டிய அனுப்புங்க மச்சான்."

"கொஞ்ச நாள் போவட்டும் மச்சான். பச்சப் புள்ளைக்காரி."

அவர் அண்ணனை அறைந்தார். அண்ணன் அசையவில்லை. மறுபடி அறைந்தார். உதடு பிளந்தது. அடுப்புக்கு அடுக்கி வைத்திருந்த விறகில் ஒன்றை உருவி அண்ணனின் தோளில் அடித்தார், முதுகில் அடித்தார், முழங்காலில் அடித்தார். அண்ணன் தன் வலது கையை இடது அக்குளில் செருகி, அதை இறுக்கிக்கொண்டு நின்றார். அந்தக் கை தன்னை மீறி வெளியே வந்துவிடக் கூடாது என்று அதைப் பூட்டி வைத்திருந்தார். முழங்கால் மடங்கி விழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை. யோகராஜா குனிந்து, அண்ணனின் அக்குளிலிருந்து கையை இழுத்து, மோதிரத்தைச் சுட்டுவிரலால் தட்டினார்.

"இந்தக் கை வராது. எனக்குத் தெரியும்" என்றார்.

அக்காவையும் பிள்ளையையும் அன்றே கூட்டிக்கொண்டு போனார். லயமே பார்த்துக்கொண்டு நின்றது. யாருக்கும் வழக்கத்தைத் தாண்டத் துணிச்சல் வரவில்லை. பாக்கியம் அக்கா மட்டும், அண்ணனின் உதட்டுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே கேட்டார்.

"மோதிரமாப்பா போட்டிருக்க? வெலங்கு மாதிரில்ல இருக்கு."

அதற்குப் பிறகு அண்ணன் அந்த மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். சவர்க்காரம் போட்டார். தேங்காய் எண்ணெய் போட்டார். நூல் சுற்றி இழுத்தார். கத்தி பிடித்துப் பிடித்து விரல் கணு தடித்திருந்தது. தோல் உரிந்ததுதான் மிச்சம், மோதிரம் கணுவைத் தாண்டவில்லை. தலவாக்கலையில் ஓர் ஆசாரியிடம் போனார். நானும் கூடப் போனேன். ஆசாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மோதிரத்தைப் பார்த்தார். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

"கால் கழுவுன மோதிரமா தம்பி?"

"ஆமாங்க."

"போட்டவர் உசுரோட இருக்காரா?"

"இருக்காருங்க."

ஆசாரி அறுக்கிற சின்ன வாளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "இத நான் அறுக்க மாட்டேன். வேற எவனும் அறுக்க மாட்டான். ஒந் தங்கச்சி பாவம் எனக்கு வேணாம்" என்றார். காசு கொடுத்துக் கேட்டும் மசியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் ஓரமாக உட்கார்ந்தார். ஜன்னல் கம்பியில் அந்த விரலைத் தட்டிக்கொண்டே வந்தார்.

கடைசியாக அக்கா வந்தபோது நிரோஷன் தவழும் பிள்ளை. அக்காவின் முன்கையில் காய்ச்சிய கரண்டியால் வைத்த சூடு வரிசையாக இருந்தது. இந்த முறை அவர் அழவில்லை. அண்ணனைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"அடுத்தவாட்டி கொன்னு பொதைச்சிருவேன்னு சொல்லிட்டாருண்ணே. அவரு சொன்னாச் செய்வாரு. நீ அனுப்புனா நான் போறேன். புள்ளைய மட்டும் வச்சுக்க."

அண்ணன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நீ போவ வேணாம் ராணி" என்றார். பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு வரச் சொன்ன நாளுக்கு முன்னாலேயே யோகராஜா வந்துவிட்டார்.

பின்னேரம். மலையிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். அக்கா பீலியில், மலைத் தண்ணீர் விழும் குழாயடியில், துணி துவைத்துக்கொண்டிருந்தார். யோகராஜா பின்னால் வந்து முடியைப் பிடித்து இழுத்தார். அக்காவின் நெற்றி துவைக்கும் கல்லில் மோதியது. இழுத்துக்கொண்டே பீலிப் படிகளில் இறங்கினார். ஒவ்வொரு படியிலும் அக்காவின் முதுகு இடிபட்டது. அம்மா வாளியால் அவருடைய முதுகில் அடித்தார். அவர் அம்மாவைக் காலால் உதைத்துத் தள்ளினார். பாக்கியம் அக்கா போட்ட கூச்சலில் லயம் முழுக்க வெளியே வந்தது. நான் ஓடிப் போய் அவருடைய கையைப் பிடித்தேன்; முழங்கையால் என் மூக்கில் இடித்தார். கீழே கிடந்துதான் மற்றதைப் பார்த்தேன்.

அண்ணன் மேல் பாதையில் வந்துகொண்டிருந்தார். தோளில் வேலைக்குக் கட்டுகிற படங்குச் சாக்கு. கையில் கவ்வாத்துக் கத்தி. அவர் ஓடவில்லை. நடந்தே வந்து பீலிக்கு முன்னால் நின்றார்.

யோகராஜா அக்காவின் முடியை விடாமலே அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓங்க முடியாத கைக்குக் கத்தி எதுக்கு மச்சான்? கீழ போடுங்க."

அண்ணன் கத்தியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். கீழே வைக்கத்தான் போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். பாக்கியம் அக்கா "போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் துவைக்கும் கல்லின் முன்னால் குந்தினார். வலது கையைக் கல்லின் மேல் வைத்தார். மற்ற விரல்களை மடக்கி, அந்த ஒன்றை மட்டும் நீட்டினார்.

ஒரே வெட்டு.

கத்தி கல்லில் பட்ட சத்தம்தான் கேட்டது. பீலித் தண்ணீர் சிவந்து வடிகால் கானுக்குள் ஓடியது. விரல் மோதிரத்தோடு கல்லின் மேல் கிடந்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தாங்க மச்சான். முழுசா இருக்கு. திருப்பிப் பாத்து எடுத்துக்குங்க."

அதை யோகராஜாவின் நெஞ்சில் எறிந்தார். அது சட்டையில் பட்டு, கறையை வைத்துவிட்டு விழுந்தது. யோகராஜாவின் கை தானாக அக்காவின் முடியை விட்டது.

"இப்ப வாடா" என்றார் அண்ணன்.

கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் அவரை 'டா' போட்டுப் பேசியதில்லை. கத்தியைத் தூர எறிந்துவிட்டு, இரத்தம் பீறிடும் அதே வலது கையால் அறைந்தார். அறைந்த இடமெல்லாம் சிவப்பாகப் பதிந்தது. யோகராஜா தடுக்கப் பார்த்தார். இத்தனை வருஷமாக அடி வாங்காத உடம்பு, எப்படித் தடுப்பது என்று அதற்குத் தெரியவில்லை. தாடை எலும்பு முறிந்தது. விலா எலும்பு முறிந்தது. கானுக்குள் விழுந்தவரின் கழுத்தில் முழங்காலை வைத்து, முகத்தை ஓடும் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தார். ஆண்கள் சேர்ந்து இழுத்தும் அண்ணனை எடுக்க முடியவில்லை. நெற்றி உடைந்த அக்கா தவழ்ந்து வந்து அவருடைய வெட்டுப்பட்ட கையைத் தன் சேலையில் பொத்திப் பிடித்தார்.

"போதும்ண்ணே. இவனுக்காக நீ உள்ள போவாத. எனக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா."

அண்ணன் முழங்காலை எடுத்தார்.

அம்மா அந்த விரலைத் தேடி எடுத்து, கழுவி, சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். தைக்க முடியாது, அழுக்கும் கல்லும் பட்டுவிட்டது என்றார் டாக்டர். மோதிரம் இறுகியதால் வெட்டினார் என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "மோதிரம் அறுக்கிற சாமான் இங்க இருக்கு அம்மா. ரெண்டு நிமிஷ வேலை. வந்திருந்தா விரல் மிஞ்சியிருக்கும்" என்றார்.

அம்மா சொன்னார்: "மோதிரத்த வெட்டப்படாதுங்க ஐயா."

டாக்டர் அண்ணனின் கைக்குக் கட்டுப் போட்டார். நான் படித்தவன். டாக்டர் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் பட்டது. ஆனால் அடுத்து நடந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

அண்ணனை ரிமாண்டில் வைத்து, பிறகு பிணையில் விட்டார்கள். யோகராஜா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், தோட்டத் தலைவரின் முன்னிலையில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்தோம். உறவை வெட்டியது நாங்கள்தான், ஆகவே பெண்ணும் பிள்ளையும் தங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவர்கள் பக்கம் பேசினார்கள். பெரிய மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, விரலைப் புதைக்கும் முன் வெட்டுப் பக்கமாக உருவி வைத்திருந்த மோதிரத்தை எடுத்து வைத்தார். தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கீறலும் இல்ல" என்றார்.

அதற்கு மேல் அவர்களால் பேச முடியவில்லை. மோதிரம் முழுசாகத் திரும்பிவிட்டது. யோகராஜாவின் தகப்பனார் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். பெரிய மாமா அப்போதுதான், கல்யாணத்தன்று மேளச் சத்தத்தில் அமுங்கிப் போன தன் இரண்டாவது பேச்சை மறுபடி சொன்னார். இந்த முறை எல்லாரும் கேட்டோம். அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தார். பிற்பாடு நீதிமன்றத்திலும் பிரிவு எழுதிக் கிடைத்தது.

அதன் பிறகு அண்ணன் நான்கு விரல்களோடு கவ்வாத்து வெட்டினார். ஆரம்பத்தில் கத்தி நழுவும். பிடிக்குச் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொண்டார். அண்ணியைக் கட்டினார், தன் கால் கழுவிய மச்சானுக்கும் முறைப்படி மோதிரம் போட்டார். தாரணி பிறந்தாள். நிரோஷனைத் தன் பிள்ளையாக வளர்த்தார். பிள்ளைகள் விரல் எங்கே என்று கேட்டால், கவ்வாத்து வெட்டியிருக்கிறது, தளிர்க்கும், பொறுத்திருங்கள் என்பார். நிரோஷன் அதை வெகுகாலம் நம்பி, காலையில் எழுந்ததும் அவருடைய கையைப் பார்ப்பான். பிறகு அவர் யாரையும் அடித்ததாக எனக்குத் தெரியாது. அடிக்கிற சத்தம் எந்தக் காம்பராவில் கேட்டாலும், கதவைத் தட்டி உள்ளே போய், அந்தக் கையை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றும் பேச மாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் குடிக்கவும் மாட்டார்.

என் கல்யாணத்தின்போது, விமலுக்குப் போட வேண்டிய மோதிரத்துக்கு ஹட்டனில் அளவு கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணன் என்னைத் திரும்ப அனுப்பினார்.

"அளவு பெருசாச் செய்யச் சொல்லு. அந்தப் பையன் கைய ஒதறுனா வுழுவணும்."

"கழண்டு தொலைஞ்சு போவாதாண்ணே?"

"நீ ஒழுங்கா இருந்தா அது அவன் கையில நிக்கும். இல்லாட்டி அவன் எதுக்குடா வெட்டிக்கணும்?"

அப்படியே செய்தேன். விமல் என் கால்களைக் கழுவினார். மோதிரம் அவருடைய விரலில் ஆடியது. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நூல் நைந்தால் என் மனைவிதான் புது நூல் சுற்றிக் கொடுக்கிறாள். அப்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

சென்ற ஆண்டு, மழை விட்ட ஒரு காலையில், கொழுந்து பறித்தவர்களின் மேல் குளவி கலைந்தது. பக்கத்து மலையில் கவ்வாத்தில் இருந்த அண்ணன் கூச்சல் கேட்டு ஓடினார். விழுந்து கிடந்த பாக்கியம் அக்காவின் மேல் தன் படங்குச் சாக்கைப் போட்டு மூடி, அவரை இழுத்துக்கொண்டு வந்தார். குளவி முழுக்க அண்ணனின் தலையிலும் கழுத்திலும் இறங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முகம் அடையாளம் தெரியவில்லை. கைகள் வீங்கிக்கொண்டிருந்தன. தாதி அவசரமாக அவருடைய கையைப் பிடித்து, "மோதிரம் இருந்தா இப்பவே கழட்டுங்க, வீங்குனா எடுக்க ஏலாது" என்றார்.

அண்ணன் வீங்கிய உதடுகளோடு சொன்னார்: "அது முன்னாடியே கழட்டியாச்சு மிஸ்."

அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் போய்விட்டார்.

அண்ணனின் இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த கவ்வாத்துத் தோழர்களுக்கும், அடுப்புப் பற்றாத வீட்டுக்குச் சோறு ஆக்கி அனுப்பிய மேல் லயத்து, கீழ் லயத்துக் குடும்பங்களுக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், கேட்காமலே வேனை அனுப்பிய பஜார் கடை முதலாளி நானாவுக்கும், குளவிக் கடி ஆறாத உடம்போடு வந்து மூன்று வேளையும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பீலிக்கரையில் நடந்ததை அன்று போனில் எடுத்த படம் இன்னும் சிலரிடம் இருப்பதாக அறிகிறேன். தாரணி இப்போது போன் பார்க்கிற வயதில் இருக்கிறாள். தயவுசெய்து அழித்துவிடுங்கள். உங்களுக்கும் எங்கள் நன்றி.

அந்த மோதிரம் அரைப் பவுன். அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதற்காக எங்கள் வீடு கொடுத்தது அக்காவின் ஒரு காது, அண்ணனின் ஒரு விரல்.